ஏழாம் இலக்கம்

காரைத் தெருவில் விட்டு
கராஜைக் கடைசல் இயந்திரத்துக்குக் கொடுத்து
மூன்று வருஷமாகிறது.
பகலில் டண்டினோங்கில் பல் செய்கிறேன்,
யாரென்று தெரியாத வாய்களுக்குக்
கடைவாய்ப் பல், முன்பல், பாலம்.
இரவில் பேனா.
இரண்டுக்கும் ஒரே கண்ணாடி, ஒரே முகமூடி.
மயிரிழை பிசகினால்
அது கடிக்காது, இது மூடாது.

நூற்று அறுபத்திரண்டு வேணும் என்றார் புஷ்பகாந்தி அக்கா.
மகளின் கல்யாணம், ஏப்ரல், கீஸ்பரோ மண்டபம்.
வாறவைக்குப் பலகாரப்பை குடுத்து அலுத்துப்போச்சு,
ஆளுக்கொரு பேனா, அவையவையின் பேரோட.

பக்கன்ஹாமில் ஒருவர் பழைய வேலிக்கட்டை விற்றார்,
ரெட் கம்.
அறுத்தால் சிவப்பு. குங்குமம் என்றெல்லாம் சொல்லமாட்டேன்,
மூக்குச் சிந்தினால் கைக்குட்டையில் தெரியும் சிவப்பு.
விரல் நீளத் துண்டு, நடுவே ஏழு மில்லிமீற்றர் துளை,
பித்தளைக் குழாய், பசை.
சுழலவிட்டு உளியை வைத்தால்
முதலில் சதுரம் முரண்டு பிடிக்கும், டக் டக் டக்.
பிறகு சத்தம் மெலிந்து
ஒரு நீண்ட ஸ் ஆகும்.
அந்த ஸ்-ஸுக்காகத்தான் சாமம் வரைக்கும் நிற்கிறேன்.
காசுக்கு என்று கணவரிடம் சொல்லியிருக்கிறேன்.

பெயர் பொறிக்கும் லேசருக்குத் தமிழ் வராது.
கோகுலவாணனைக் கொடுத்தால்
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
லொறி ஏறிய சைக்கிள் மாதிரி.
எழுத்தைப் படமாக்கிக் கொடுத்து ஏமாற்றினேன்.
ஒரு புறம் விருந்தாளி. மறுபுறம்
இ. ஆரபி, க. நிரோஜன்,
தேதி.

நாற்பதாவது முடிந்த இரவு அக்கா போன் எடுத்தார்.
லிஸ்ட்டில ஏழாவதை விடுங்கோ.
செய்திட்டன் அக்கா.
எண்டால் உரஞ்சிவிடுங்கோ, இல்லாட்டி எறியுங்கோ.
கோபம் இல்லை அதில்,
வாழைக்காய் விலை கேட்கும் குரல்.

ஏழாவதை விளக்கடியில் பிடித்தேன்.
இராசநாயகம்.

ர-வைத் தனியே வாசல் தாண்ட விடாது தமிழ்,
ஓர் இ முன்னால் வந்து கூட்டிப்போகும்.
எழுதுவோம், வாயால் சொல்வதில்லை.
ராசநாயகம் என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள்,
கூப்பிட்ட காலத்தில்.

பெட்டியில் அடுக்கியிருந்த முப்பத்தொன்பதையும்
ஒவ்வொன்றாய்த் திருப்பினேன்.
ஆரபிக்கு முன்னால், புள்ளியோடு,
அரை அரிசி அளவில்
அவர்.

அக்காவுக்குச் சொல்லவா என்று
தேநீர் ஆறும்வரை யோசித்தேன்.
பிறகு நாற்பத்தொன்றுக்கு மரம் எடுத்தேன்.

வியாழன் மாலை ஆரபியே வந்தாள்.
எண்ணினாள். இரண்டாம் தரமும் எண்ணினாள்.
ஒண்டு குறையுது அன்ரி.
அம்மா குறைக்கச் சொன்னா.
தெரியும், என்றாள்.
இருவரும் கொஞ்ச நேரம் மரத்தூளைப் பார்த்தோம்.

ஏப்ரன் பையில் கிடந்ததை நீட்டினேன்.
அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும்.
இ, என்றாள் உரக்க.
இரா. இராச.
யாரும் சொல்லாத எழுத்தைச் சொல்லித் தொடங்கி
பெயர் முடியும் வரைக்கும்
குரேன்பேர்ன் ரயில் ஒன்று
தூரத்தில் போய்க்கொண்டேயிருந்தது.

இதுக்கு எவ்வளவு?
நூற்று அறுபத்திரண்டுக்கும் அப்பவே கணக்கு முடிஞ்சுது.

அட்டைப்பெட்டி மூடியில் கீறிப் பார்த்தாள்,
புதுப் பேனா பிடித்தவர்கள் எல்லோரும் கீறும் அதே சுருள்.
எழுதுது.
எழுதும்.

மற்றவற்றோடு வைக்கவில்லை.
கார்க் கதவுப் பையில்,
சன்கிளாஸுக்கும் பார்க்கிங் சில்லறைக்கும் நடுவே.

கொடுத்தாளா, எங்கே கொடுத்தாள், தெரியாது.
மண்டபத்துக்கு எனக்கும் அழைப்பு இருந்தது.
அன்று பார்த்து எட்டுக் கடைவாய்ப் பற்கள் அவசரம்.
நூற்றிநாற்பத்தாறாம் இலக்கம்,
என் பெயரை நானே பொறித்தது,
இன்னும் எனக்கு வந்து சேரவில்லை.